விரலை மடக்கட்டும், விடுங்கள்

ஒன்றாம், இரண்டாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள டீச்சர்களுக்கும் சார்களுக்கும்,

33 ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்துவிட்டு ஓய்வுபெற்றவள் நான். அதில் பெரும்பகுதி ஒன்றாம் வகுப்பு. உங்களில் யாரையும் எனக்கு நேரில் தெரியாது. ஆனால் பலப்பத் தூள் படிந்த உங்கள் முந்தானையையும் சட்டைக் கையையும் தெரியும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணைச் சுழற்றும் அந்த வகுப்பையும், ஒரே அறையில் மூன்று வகுப்பை உட்காரவைத்துச் சமாளிக்கும் பாட்டையும் தெரியும். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

போன மாதம் என் பேத்தி வந்திருந்தாள். இரண்டாம் வகுப்பு. பேச்சுவாக்கில், ஏழும் அஞ்சும் எவ்வளவு என்று கேட்டேன். சட்டென்று இரண்டு கையையும் பாவாடை மடிப்புக்குள் மறைத்துக்கொண்டாள். முகம் மட்டும் என்னைப் பார்க்கிறது. துணிக்கு அடியில் விரல்கள் ஒவ்வொன்றாக அசைவது தெரிகிறது. கொஞ்ச நேரம் கழித்துப் பன்னிரண்டு என்றாள். சரியான விடை. ஏன் கையை ஒளிக்கிறாய் என்று கேட்டேன். "விரல் விட்டு எண்ணினா மிஸ் திட்டுவாங்க ஆயா. மனசுல எண்ணணுமாம்" என்றாள்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது, விரலை மடக்கி எண்ணினால் அடிஸ்கேலைக் குறுக்குவாட்டில் பிடித்து விளிம்பால் விரல் முட்டியில் அடிப்பார்கள். அந்த வலி இன்னும் நினைவிருக்கிறது. ஆசிரியையான பிறகு நான் யாரையும் அப்படி அடித்ததில்லை. ஆனால் முதல் பத்து வருடம் நானும் "கையைக் கட்டு, மனசுல எண்ணு" என்று சொன்னேன். எத்தனை குழந்தைகள் பெஞ்சுக்கு அடியில், புத்தகப் பைக்குப் பின்னால், முதுகுப்பக்கம் விரலை மடக்கியிருப்பார்களோ! அந்தக் குழந்தைகளிடம் இனி மன்னிப்புக் கேட்க வழியில்லை. அதனால்தான் உங்களிடம் பேசுகிறேன்.

தமிழ்நாட்டில் 2022-இல் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியது. அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகளைப் பிரித்து அவரவர் நிலையிலிருந்து தொடங்குகிறீர்கள். நல்ல ஏற்பாடு. அதற்குள் ஒரு சின்ன இடத்தை விரலுக்குக் கொடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். விரல் கணக்கின் ஊன்றுகோல் மட்டும்தான் என்று நினைத்திருந்தவள் நான். விரலுக்கும் எண்ணுக்கும் நம் மொழியிலும் பிற மொழிகளிலும் இருக்கும் சொற்களைக் கவனிக்கத் தொடங்கிய பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது.

முதலில் விரல்களின் பெயர். ஆங்கிலவழி வகுப்பில் குழந்தை 'தம்ப்' என்று பாடி விரலை ஆட்டுகிறது. தமிழில் ஐந்து விரலுக்கும் பெயர் கேட்டால் மூன்றோடு நின்றுவிடுகிறது. கட்டைவிரலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பெருவிரல் என்றும் பெயர். ஒரே விரலை ஒரு பெயர் குட்டை என்கிறது, இன்னொரு பெயர் பெரிது என்கிறது. நீளத்தில் கட்டை, பருமனில் பெரிது. நீளம் வேறு, பருமன் வேறு என்று அளவைப் பாடத்தில் நாம் அரை மணிநேரம் விளக்குவதை இந்த இரண்டு பெயர்களும் ஒரு விரலை வைத்தே சொல்லிவிடுகின்றன. அடுத்தது சுட்டுவிரல். அ, இ, உ மூன்றையும் சுட்டெழுத்து என்று பிறகு இலக்கணத்தில் படிக்கப்போகிறார்களே, அதே சுட்டுதான். அவன், இவன் என்று சொல்லும்போது வாய் செய்யும் வேலையை இந்த விரல் காற்றில் செய்கிறது. இதற்கே ஆள்காட்டி விரல் என்றும் பெயர் உண்டு. ஆள் நடமாட்டம் தெரிந்தால் கத்திக் காட்டிக்கொடுக்கும் ஆள்காட்டிக் குருவியை வயல்பக்கத்துக் குழந்தைகளுக்குத் தெரியும். அதைச் சொன்னால் பெயர் மறக்காது. நடுவிரலுக்குப் பாம்புவிரல் என்று ஒரு பெயர் அகராதியில் இருக்கிறது. இதைச் சொல்லிப் பாருங்கள், வகுப்பே நடுவிரலை நெளித்துக் காட்டும். கடைக்குட்டி சுண்டுவிரல். வீட்டில் ஓடும் சுண்டெலியின் சுண்டுதான் இதுவும், சின்னது.

மோதிரவிரலைத் தனியாக வைத்தேன். அணிவிரல், பவித்திர விரல் என்றெல்லாம் நம்மிடம் பெயர் இருக்கிறது. ஆனால் இந்தப் பெயர்கள் எல்லாமே அந்த விரலில் நாம் எதைப் போடுகிறோம் என்பதைச் சொல்கின்றனவே தவிர, விரலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சமஸ்கிருதத்தில் இது அநாமிகை, அதாவது பெயரில்லாதது. சீன மொழியில் இதன் பெயருக்குப் 'பெயரற்ற விரல்' என்று பொருள். ரஷ்ய மொழியிலும் அப்படியே. ஃபின்லாந்துக்காரர்களும் பெயரில்லாதது என்றே அழைக்கிறார்கள். வெவ்வேறு மொழிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் இதே விரலைப் பார்த்து, இதற்கு என்ன பெயர் வைப்பது என்று திகைத்திருக்கிறார்கள். கையை மேசையில் வைத்து ஒவ்வொரு விரலாகத் தூக்கிப் பாருங்கள், ஒரு காரணம் தோன்றும். தனியாக எழுந்து வர முடியாமல் பக்கத்து விரல்களையும் இழுத்துக்கொண்டு தடுமாறுவது இதுதான். தானாக ஒரு வேலையும் செய்யாத விரல். ஜப்பானியர் மருந்துவிரல் என்கிறார்கள், மருந்தைக் குழைக்கப் பயன்பட்டதால். நம் வீட்டில் குங்குமம் எடுக்கிற விரலும் இதுதானே! வகுப்பில் பேச வெட்கப்பட்டுக் கடைசியில் உட்காரும் குழந்தையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த விரல் ஞாபகம் வரும்.

காலுக்கு வருவோம். ஆங்கிலத்தில் கைவிரலுக்கு ஒரு சொல், கால்விரலுக்கு வேறொரு சொல். நமக்கு இரண்டும் விரல்தான். பெருவிரல் அங்கேயும் உண்டு, சுண்டுவிரல் அங்கேயும் உண்டு. லத்தீனின் 'டிஜிடஸ்' என்ற சொல்லும் கைவிரல், கால்விரல் இரண்டையும் குறித்தது. அதிலிருந்துதான் எண்ணின் இலக்கத்துக்கு 'டிஜிட்' என்ற பெயர் வந்தது. இன்று நம் பள்ளிக்கு வந்திருக்கும் டிஜிட்டல் பலகை, டிஜிட்டல் பாடம் எல்லாமே பெயரளவில் விரல் பலகை, விரல் பாடம்தான். அந்தப் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு, விரலை மடக்காதே என்று எப்படிச் சொல்வது?

கையில் பத்து, காலில் பத்து. இருபது விரலும் எண்ணி முடிந்தால் ஒரு ஆள் முடிந்தான். மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலாவின் கிச்சே மாயா மக்களுக்கு 'வினக்' என்றால் மனிதன், அதே சொல்லில் இருந்துதான் இருபதும். அலாஸ்காவின் யூப்பிக் மொழியில் இருபதைக் குறிக்கும் சொல் மனிதனைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. அங்கேயே வடக்கில் வாழும் இனுப்பியாக் மக்களுக்கும் இருபது என்பது ஒரு முழு ஆள். அவர்களின் ஐந்து, கை என்ற சொல்லோடு உறவுடையது. பாப்புவா நியூகினியின் ஒக்சாப்மின் மக்கள் விரலோடு நிற்பதில்லை. ஒரு கையின் கட்டைவிரலில் தொடங்கி, மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று ஏறி, மூக்கில் 14 ஆகி, மறுபக்கம் இறங்கி, அடுத்த கையின் சுண்டுவிரலில் 27-இல் முடிப்பார்கள்.

இனுப்பியாக் மக்களைப் பற்றிச் சொல்லும்போது ஒரு பள்ளிக்கூடத்தைச் சொல்லாமல் போக முடியாது. அலாஸ்காவின் வடகோடியில், ஒரு சின்னத் தீவில், காக்டோவிக் என்ற கிராமம். 1994-இல் அங்கே நடுநிலைப் பள்ளிக் குழந்தைகள் கணக்கு வகுப்பில் ஒரு சங்கடத்தைக் கண்டுபிடித்தார்கள். வீட்டில் பேசும் எண்கள் ஐந்தாகச் சேர்ந்து, இருபதில் ஒரு ஆளாக முடிகின்றன. பள்ளியில் எழுதும் எண்கள் பத்தில் முடிகின்றன. வாயில் வருவது ஒன்று, சிலேட்டில் எழுதுவது வேறொன்று. ஆசிரியர் அதைத் தட்டிக் கழிக்கவில்லை. குழந்தைகளே உட்கார்ந்து தங்கள் மொழிக்குப் பொருந்தும் இருபது குறிகளை உருவாக்கினார்கள். ஒன்று முதல் நான்கு வரை கீழிருந்து கோடுகள், ஒவ்வொரு ஐந்துக்கும் மேலே ஒரு கோடு. எழுதியதைப் பார்த்தாலே எத்தனை கை, எத்தனை விரல் என்று தெரிந்துவிடும். சுழியத்துக்குக் கைகளைக் குறுக்கே வைத்தது போன்ற ஒரு வடிவம். அந்தக் குறிகள் 2022-இல் யூனிகோடிலும் இடம்பெற்றுவிட்டன. ஒரு கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகள் விரலை நம்பியதால் நடந்தது இது.

என் வகுப்பில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1990-களின் கடைசி. ஒரு பையன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தான். "எல்லாரும் பத்து விரலையும் காட்டுங்க" என்று சொன்னால் வலது கை மட்டும் மேலே வரும், இடது கை சிலேட்டுக்கு அடியில் இருக்கும். அருகில் போய்ப் பார்த்தேன். சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன விரல். அவன் அம்மா அதை அதிர்ஷ்டம் என்று சொல்லி வளர்த்திருந்தாள். நான் அவசரத்தில், "அத விட்டுட்டு எண்ணுடா" என்றேன். அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்பப் பெற முடிந்தால் என் பணிக்காலத்தில் ஒரு வருடத்தைக் கொடுத்துவிடுவேன். அதற்குப் பிறகு பல நாள் அவன் அந்த விரலை உள்ளங்கைக்குள் மடித்து அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

அப்புறம் பதினொன்று சொல்லிக்கொடுக்கும் நாள் வந்தது. பத்து விரலும் நீட்டியாயிற்று, அடுத்து எங்கே போவது? எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் டப்பாவிலிருந்து புளியங்கொட்டையை எடுக்கப் போனேன். அவன் எழுந்து நின்றான். இரண்டு கையையும் தூக்கி, "டீச்சர், எங்கிட்ட பதினொண்ணு இருக்குது" என்றான். வகுப்பு முழுவதும் அவனைச் சுற்றிக்கொண்டது. ஒவ்வொரு குழந்தையும் அவன் விரலைத் தொட்டுத் தொட்டு எண்ணியது. பத்தும் ஒன்றும் பதினொன்று என்பது அன்றைக்குப் புரிந்ததுபோல் வேறெந்த வருடமும் என் வகுப்புக்குப் புரிந்ததில்லை. பல ஆண்டுகள் கழித்து, ஆங்கிலத்தின் 'இலெவன்' என்ற சொல்லுக்கு மூலப்பொருள் 'ஒன்று மிச்சம்' என்று படித்தேன். பத்து எண்ணியபின் மிஞ்சிய ஒன்று. 'ட்வெல்வ்' என்றால் இரண்டு மிச்சம். அந்தப் பையனின் கைதான் கண்முன் வந்தது. ஆங்கிலவழி எடுக்கும் ஆசிரியர்கள் இதைக் குழந்தைகளுக்குச் சொல்லலாம். லெவன், ட்வெல்வ் என்று காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்யும் குழந்தைக்கு இது ஒரு பிடி. தமிழ்க் குழந்தைக்கு அந்தச் சிரமம் குறைவு. பதினைந்து என்றால் பத்தும் ஐந்தும், இரண்டு கையும் ஒரு காலும். பழைய தமிழ் எண்களில் எழுதுவதும் அப்படித்தான், ௰௫. காதால் கேட்டதே எழுத்திலும் நிற்கும்.

ஒரு தவற்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், நீங்கள் செய்ய வேண்டாம். 'ஐ' என்ற எண் 'கை'யிலிருந்து வந்தது என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். கேட்க அழகாக இருக்கும். ஆனால் நம் மொழியின் உறவினரான கோண்டி மொழியில் ஐந்துக்கு 'சையுங்' என்பார்கள், ஆறுக்கு 'சாருங்'. தமிழில் தொலைந்துபோன முதல் ஒலி அங்கே தங்கியிருக்கிறது. ஐந்து தொடங்கியது சகர ஒலியில், கை தொடங்குவது ககரத்தில். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று சொல்ல முடியாது. அழகாக இருக்கிறது என்பதற்காக ஆறு வயதுக் குழந்தைக்குத் தவறானதைச் சொல்லக் கூடாது. எட்டும் எண்ணும் அப்படியில்லை, உறவு கண்ணுக்கே தெரிகிறது. எண்பது, எண்ணூறு, எண்சாண் உடம்பு என்னும்போது எட்டைக் குறிக்கும் எண்தான், மொத்த எண்ணிக்கைக்கும் பெயராக நிற்கிறது. கட்டைவிரல் எண்ணும் விரல், மற்ற எட்டும் எண்ணப்படும் விரல்கள் என்று ஒரு காலம் இருந்திருக்கலாம் என்று சிலர் ஊகிக்கிறார்கள். ஊகம் என்று சொல்லியே சொல்லலாம்.

ஒன்பதுக்கு வந்தால் எனக்கு நேரம் போவதே தெரியாது. இருபது, முப்பது, நாற்பது என்று வரிசையாக வந்து எண்பது தாண்டியதும் குழந்தை என்ன சொல்லும்? ஒன்பது பத்து, அதனால் 'ஒம்பதுபது' என்று ஒரு சிறுமி என்னிடம் சொன்னாள். நாம் சிரித்துத் திருத்துகிறோம். ஆனால் கேள்வி நியாயமானது. தொண்ணூறில் ஏன் நூறு இருக்கிறது? தொள்ளாயிரத்தில் ஏன் ஆயிரம் இருக்கிறது? ஒன்பதுக்குள்ளேயே பத்து இருக்கிறதே? தமிழில் ஒன்பதுக்குத் தொண்டு என்று ஒரு பழைய பெயர் இருந்தது. தொல்காப்பியத்திலும் பரிபாடலிலும் அது வருகிறது. தெலுங்கில் இன்றும் ஒன்பது 'தொம்மிதி'. கன்னடத்தில் ஒன்பது 'ஒம்பத்து', தொண்ணூறோ 'தொம்பத்து'. அங்கே தொண்ணூறுக்குள் பத்துதான் இருக்கிறது, நூறு இல்லை. தேவநேயப் பாவாணர், முதலில் தொண்டு, தொண்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் என்பவை முறையே 9, 90, 900, 9000 என்று நின்றன, தொண்டு வழக்கொழிந்ததும் மற்றவை ஒவ்வொரு படி இறங்கிவிட்டன என்றார். தொல்காப்பியரோ ஒன்பதும் பத்தும் சேர்ந்து தொண்ணூறு ஆவதற்குப் புணர்ச்சி விதியே எழுதிவைத்தார். அப்படியென்றால் அவர் காலத்துக்கு முன்பே இந்த மாற்றம் நிலைத்துவிட்டது. ஒன்பது என்ற சொல்லைப் பத்துக்கு ஒன்று குறைவு என்று விளக்குபவர்களும் உண்டு. வகுப்பில் இதை விரலில் காட்டுங்கள். ஒன்று இரண்டு என்று ஒன்பது விரலை நீட்டச் சொல்வதைவிட, பத்தையும் விரித்து ஒரு சுண்டுவிரலை மடக்கச் சொன்னால் குழந்தை நொடியில் காட்டிவிடும். அந்தச் சொல்லும் அதையே செய்கிறது.

ஒன்பதைப் பற்றி இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும். நடையில் சற்று மென்மை தெரியும் பையனை "ஒம்பது" என்று கேலி செய்வதை மூன்றாம் வகுப்பிலேயே கேட்டிருக்கிறேன். அந்த எண் வரும் கணக்கைக் கரும்பலகையில் எழுதினாலே நான்கு பேர் ஒருவனைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவன் தலை குனிந்துவிடும். திருநங்கை, திருநம்பி என்று மதிப்பான சொற்கள் தமிழில் வந்துவிட்டன. 2008-இல் தமிழ்நாடு அரசு திருநங்கையர் நல வாரியம் அமைத்தது. அப்படியிருக்க, ஒரு எண்ணைக் கல்லாக்கி ஒரு குழந்தைமேல் எறிய நம் வகுப்பில் இடம் கொடுக்கக் கூடாது. கேட்காததுபோல் இருந்துவிடாதீர்கள். நான் சில தடவை இருந்திருக்கிறேன்.

பின்னமும் தொடக்க வகுப்புகளில் ஒருநாள் அறிமுகமாகும். அப்போது வட்ட ரொட்டியை நான்காக வெட்டி வரைகிறோம். அதற்கு முன் குழந்தையை எழுந்து நிற்கச் சொல்லுங்கள். நம் பின்னத்தின் பெயர்கள் அதன் உடம்பிலேயே இருக்கின்றன. அரை என்றால் பாதி, அரை என்றால் இடுப்பும்தான். அரைஞாண் கட்டும் இடம். தலைக்கும் காலுக்கும் நடுவே கையை வைக்கச் சொன்னால் கை அங்கேதான் போகும். கால் என்றால் பாதம் வைத்து நடக்கும் கால், நான்கில் ஒரு பங்கும் கால். மாட்டுக்கு நான்கு கால், அதில் ஒன்று கால். சமஸ்கிருதத்தில் 'பாத' என்ற சொல்லுக்கும் காலடி, நான்கில் ஒரு பங்கு என்று இரண்டு பொருளும் உண்டு. கன்னடத்திலும் மலையாளத்திலும் கால், முக்கால் என்பவை அப்படியே இருக்கின்றன. ஆட்டுக்குட்டி வளர்க்கும் வீட்டுப் பிள்ளைக்கு முக்காலைப் புரியவைக்க ரொட்டிப் படமே தேவையில்லை. அதற்குக் கீழும் நம் முன்னோர் போனார்கள். அரைக்கால் 1/8, மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. திண்ணைப் பள்ளிகளில் இவற்றை எண்சுவடியாக ஒப்பித்தார்கள். விரலால் மணலில் எழுதினார்கள். இந்தப் பின்னக் குறிகள் யூனிகோடில் சேர்ந்தது 2019-இல்தான். அவற்றை இன்றைய குழந்தை மனப்பாடம் செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. காலும் அரையும் போதும். விஜயதசமியன்று குழந்தையின் சுட்டுவிரலைப் பிடித்து அரிசியில் எழுதவைக்கிறோம். பலப்பத்துக்கும் பென்சிலுக்கும் முன்னால் வந்த எழுதுகோல் அந்த விரல்.

என் அம்மாவின் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பத்திரத்தில் பெருவிரல் ரேகை. ஊர் அவளைக் கைநாட்டு என்றது. அவள் வரட்டி எண்ணுவதைப் பார்த்திருக்கிறேன். வலது கையின் கட்டைவிரல் மற்ற நான்கு விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொடும். விரலுக்கு மூன்று, நான்கு விரலுக்குப் பன்னிரண்டு. ஒரு சுற்று முடிந்தால் இடது கையில் ஒரு விரல் மடங்கும். ஐந்தும் மடங்கினால் அறுபது. ஒருநாளும் தப்பியதில்லை. பூ வாங்கினால் முழம், கயிறு வாங்கினால் சாண், குழம்புக்குப் பெருங்காயம் ஒரு சிட்டிகை, உலையில் தண்ணீர் அரிசிக்கு மேல் இரண்டு விரற்கடை. அவள் அளவுகோல் எல்லாம் கையிலேயே இருந்தது. நாம் இன்று விநாடிக்குச் சொல்லும் நொடியும் விரலில் பிறந்ததுதான். கைநொடிக்கும் நேரத்தையும் கண்ணிமைக்கும் நேரத்தையும் வைத்துத்தான் நம் இலக்கணம் மாத்திரையை அளந்தது. குறில் ஒன்று, நெடில் இரண்டு என்று சொல்லிக்கொடுக்கும்போது சொடக்குப் போட்டுக் காட்டுங்கள். அதற்குத் தொல்காப்பியர் காலத்து அனுமதி இருக்கிறது.

இத்தனையும் சொற்களின் கதைதானே, கணக்குக்கு என்ன உபயோகம் என்று சிலர் கேட்பீர்கள். ஒரு மருத்துவச் செய்தியைச் சொல்கிறேன். வியன்னாவில் யோசெஃப் கெர்ஸ்ட்மன் என்ற நரம்பியல் மருத்துவர் இருந்தார். 1924-இல் தன் சொந்த விரல்களையே அடையாளம் சொல்ல முடியாமல் போன ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். இப்படிப்பட்டவர்களை ஆராய்ந்தபோது நான்கு குறைகள் கூட்டாக வருவதைக் கண்டார். எது எந்த விரல் என்று தெரியாது. கணக்குப் போட வராது. எழுத வராது. இடது வலது குழம்பும். மூளையின் இடப்பக்கத்தில், பக்கவாட்டு மேல்பகுதியில் அடிபட்டவர்களுக்கு இது நேர்கிறது. நான்கும் ஒரே வேரில் நிற்கின்றனவா, பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் சேர்ந்து அடிபடுகின்றனவா என்று மருத்துவர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எனக்கு அந்த வாதத்தில் இடமில்லை. ஆனால் விரலும் எண்ணும் எழுத்தும் மூளையில் அண்டை வீட்டுக்காரர்கள் என்று படித்த அன்று, நம் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் பெயர்ப்பலகையை வேறு கண்ணோடு பார்த்தேன். 'எண்ணு' என்றால் தமிழில் கணக்கிடு, 'எண்ணு' என்றால் நினை. மனசுல எண்ணு என்று நாம் குழந்தையிடம் சொல்லும்போது, அது ஏற்கெனவே விரலில் எண்ணிக்கொண்டிருக்கிறது.

மூன்றாம் வகுப்புக்குப் போயும் விரலையே பிடித்துக்கொண்டிருந்தால் என்ன செய்வது? நியாயமான கவலை. 38-உம் 47-உம் கூட்ட விரல் போதாது. நடைவண்டி பிடித்து நடக்கும் குழந்தையிடம் வண்டியைப் பிடுங்கினால் அது விழும், பிறகு நடக்கப் பயப்படும். விட்டுவிட்டால் ஒருநாள் தானே வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு ஓடும். எத்தனை வருடம் பார்த்தேன்! விரலை வெளிப்படையாக மடக்கவிட்ட குழந்தைகள், ஏழும் மூன்றும் என்றால் ஏழை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணாமல், ஏழை மனத்தில் வைத்துக்கொண்டு மூன்று விரலை மட்டும் நீட்டத் தாங்களே கற்றுக்கொண்டார்கள். அந்த மாற்றம் கையில் நடப்பதால் நம் கண்ணுக்குத் தெரியும். எந்தக் குழந்தை எந்தப் படியில் நிற்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சோதனைத் தாள் எனக்குக் கிடைத்ததில்லை. கையை ஒளிக்கச் சொன்னால் அந்தத் தாளை நாமே மூடிவைத்தது போலாகும். விரலை ஒளித்த குழந்தைகளில் பலர் ஐந்தாம் வகுப்பிலும் ஒன்றிலிருந்தே எண்ணிக்கொண்டிருந்தார்கள், பெஞ்சுக்கு அடியில்.

உங்களுக்கு நேரம் எவ்வளவு குறைவு என்று தெரியும். பதிவேடு, செயலி, சத்துணவுக் கணக்கு என்று எல்லாம் முடித்துத்தான் பாடம். ஆகவே ஒரே ஒரு பாடவேளை கேட்கிறேன். வரும் திங்கட்கிழமை குழந்தைகளின் கையைச் சிலேட்டில் வைத்துச் சுற்றி வரையச் சொல்லுங்கள். ஒவ்வொரு விரலுக்கும் தங்கள் வீட்டில் என்ன பெயர் என்று பாட்டி தாத்தாவிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். கால்விரலையும் விட்டுவிடாதீர்கள். மெட்டி போடும் விரலுக்கு, பீலி போடும் விரலுக்கு உங்கள் பக்கம் தனிப் பெயர் இருக்கலாம். வந்த பெயர்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளுங்கள். நடுவிரலைப் பாம்புவிரல் என்று இன்னும் வாயால் சொல்லும் ஒரு கிழவியாவது எந்த ஊரிலாவது இருப்பாள் என்று நம்புகிறேன். ஏன் அந்தப் பெயர் என்று உங்கள் வகுப்புக் குழந்தை ஒன்று அவளிடம் கேட்டு வரட்டும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஒரு ஒன்றாம் வகுப்பு ஆசிரியை